பெரியவர் மன்னித்தார்

தத்துவத் துறையில் அவளுக்குச் சின்ன மேடம் என்று பெயர். பெரிய மேடம் என்று ஒருவர் இருந்து, ஓய்வு பெற்றுப் போய் ஆறு வருடமாகிவிட்டது. ஆனாலும் இவள் சின்ன மேடமாகவே நின்றுவிட்டாள். நாற்பது வயது, முன்நெற்றியில் ஒரு கொத்து நரை, பன்னிரண்டு வருட விரிவுரை அனுபவம், எதுவும் அந்தச் ‘சின்ன’வை அசைக்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெரியவரின் மாணவி என்பதே அவளுக்குப் போதுமான பட்டமாக இருந்தது.

பெரியவர் என்றால் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகியும் இரண்டாம் மாடியின் மூலையறை அவருடையது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, எழுபத்தைந்திலும் வளையாத முதுகு. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். நடந்துபோனால் அவருக்குப் பின்னால் ஒரு மெல்லிய செண்ட் வாசனை இரண்டு நிமிடம் தங்கி நிற்கும்.

அவர் எழுதிய பெரிய புத்தகம் ஒன்றே ஒன்று, மேன்மையைப் பற்றியது. பழைய காலத்தில் மேன்மை பிறப்பில் வந்தது. நிலத்தோடும் வாளோடும் சேர்ந்து அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போனது. அந்த உலகம் சரிந்த பிறகு, மேன்மை என்கிற சாமானை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நவீன தத்துவம் திண்டாடுகிறது என்பது அவர் வாதம். ஒருவர் அதைக் கடமையில் வைத்தார். இன்னொருவர் தன்னைத் தானே ஆளும் உறுதியில் வைத்தார். மூன்றாமவர், பகையை நெஞ்சில் ஊறவிடாமல் மறந்துபோகிற பெருந்தன்மையில் வைத்தார். பெரியவர் மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகக் கட்டியிருந்தார்: ‘மேன்மையானவன் தன் பாரத்தை இன்னொருவன் தோளில் இறக்கமாட்டான்.’ இருபது வருடமாக மாணவர்கள் பரீட்சைத் தாளில் முதல் வரியாக அதைத்தான் எழுதுகிறார்கள். சின்ன மேடமும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். எழுதி, முதல் மதிப்பெண் வாங்கியவள்.

அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளை ஒட்டி, நவீன தத்துவத்தில் மேன்மை என்ற தலைப்பில் இரண்டு நாள் கருத்தரங்கு ஏற்பாடாகியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மேடையில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் கரைந்தது. பெரியவர் நீள மேசையின் தலைப்பக்கத்தில், சிவப்பு மெத்தை வைத்த நாற்காலியில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்தபோது அவர் மட்டும் எழவில்லை.

“நீங்கல்லாம் போங்க. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்” என்றார்.

சின்ன மேடம் தன் அறைக்குப் போன பிறகுதான் கைபேசியை அங்கேயே சார்ஜில் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினாள். பெரியவர் ஜன்னல் பக்கமாக நின்றிருந்தார். தடித்த காகிதக் கோப்பு ஒன்றை இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழே பிடித்திருந்தார். சிவப்பு மெத்தையின் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். நாற்காலிக்குக் கீழே வெள்ளைத் தரையில் மஞ்சளாகச் சின்னக் குட்டை.

செண்ட் வாசனைக்கு அடியிலிருந்து எழுந்த அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனாருக்கு மூன்று வருடமாகத் துணி மாற்றுகிறவள் அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

இருவர் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன. அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு, “சாரி சார்” என்று மட்டும் சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கண்டும் காணாததுபோல் வந்துவிட்டதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதைத்தான் செய்திருக்க வேண்டும், சரியாகச் செய்தோம் என்று நினைத்தாள்.

நடைபாதையின் கோடியில் மாடி அக்கா ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக அந்த மாடியைக் கூட்டித் துடைப்பவர். மற்ற மாடிகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இவர் மட்டும் மாறாததால் மாடியே அவர் பேரில் ஒட்டிக்கொண்டது.

“அக்கா, மீட்டிங் ரூம்ல கொஞ்சம் தண்ணி கொட்டிடுச்சு. பெரியவர் உள்ள இருக்கார். பாத்துப் பதமா தொடச்சுடுங்க.”

“பெரியவர் இருக்காருன்னா அப்புறமா வர்றேனே மேடம்.”

“இல்லக்கா, இப்பவே போங்க.”

மாடி அக்கா வாளியையும் துடைப்பானையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் இருக்காது, படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. துறைத்தலைவர் வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் துணைவேந்தர். சொல்லாமல் கொள்ளாமல், பெரியவரை நேரில் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

“சார், மீட்டிங் ரூம் க்ளீன் பண்ணிட்டிருக்காங்க. என் ரூம்ல உக்காரலாமே” என்று சின்ன மேடம் வழியை மறித்தாள்.

“உங்க ரூம்ல நாலு பேர் நிக்க முடியுமா?” என்று சிரித்துக்கொண்டே துறைத்தலைவர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே மாடி அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து நாற்காலியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கோப்பைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தார். கோப்பு எவ்வளவு மறைக்கும்? இடுப்பிலிருந்து முழங்கால் வரை கால்சட்டை கறுத்துக் கிடந்தது. துணைவேந்தர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார்.

பெரியவர் வாளியைப் பார்த்தார். பிறகு, வகுப்பெடுக்கும் அதே அமைதியான குரலில் சொன்னார்:

“ஒண்ணுமில்ல. இந்தம்மா பக்கெட்டைக் கவுத்துட்டாங்க. என் மேலயே கொட்டிடுச்சு.”

“பாத்ரூம் கழுவின தண்ணியா?” என்று துணைவேந்தர் இரண்டடி பின்னால் போனார். “என்ன கண்ராவி இது!”

“என்னம்மா இது? கண்ணு தெரியலையா உனக்கு?” துறைத்தலைவரின் முகம் சிவந்துவிட்டது.

மாடி அக்கா எழுந்து நின்றார். கையில் சொட்டும் துணி. வாளி நிறையத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. கவிழ்ந்த வாளியில் எப்படித் தண்ணீர் நிரம்பி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாடி அக்கா வாயைத் திறந்தார், பெரியவரின் கால்சட்டையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு துறைத்தலைவரின் தோளுக்கு மேலாகச் சின்ன மேடத்தைப் பார்த்தார்.

சின்ன மேடம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமனாருக்குத் துணி மாற்றும்போது அவளுக்கு முதல் தடவையாகக் குமட்டிக்கொண்டு வந்தது. மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது பக்கம் விழுந்துபோனாலும் வாய் விழவில்லை.

“ஏம்மா, டேங்க் மறுபடி லீக் அடிக்குது. உன் புருஷனைக் கூப்பிடு. மெக்கானிக் வேலையை அவன் பாக்கட்டும், நீ எதுக்குக் கஷ்டப்படற?”

“அவர் கடையிலேர்ந்து இன்னும் வரல மாமா. திரும்பிப் படுங்க.”

மாமனார் ஒன்றும் தங்கக்கம்பி கிடையாது. சோறு குழைந்திருந்தால் தட்டைத் தள்ளிவிடுவார், மகனைக் கெட்ட வார்த்தையில் வைவார். ஆனால் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட, தான் நனைத்த படுக்கையை அவர் வேறொருவர் நனைத்ததாகச் சொன்னதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவள் பஞ்சை அழுத்தித் துடைக்க, “தோலை உரிச்சுடாதம்மா” என்று மாமனார் கத்தினார்.

கணவன் கண்ணாடிக்கடை வைத்திருந்தான். நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணைச் சோதிக்கிறவன். சாப்பாட்டு மேசையில் அவள் நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்துவிட்டான்.

“அடப்பாவி மனுஷா! எழுபத்தஞ்சு வயசுல அடக்க முடியலன்னா அது என்ன குத்தமா? சொன்னா முடிஞ்சுபோச்சு.”

“எப்படிங்க சொல்லுவார்? எவ்வளவு பெரிய மனுஷன்!”

“உங்க தத்துவத்துல மூத்திரத்துக்கு இடமே இல்லையா?”

“உங்களுக்கு எல்லாமே கேலிதான்.”

“கேலி இல்ல. நீ ஏன் சும்மா இருந்த?”

“அவர் மானத்தைக் காப்பாத்தறதுக்கு.”

“சரி. அந்தக்காவுக்கு மானம் இல்லையா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கையைக் கழுவியும் வாடை போகாததுபோல் இருந்தது. மறுபடி சோப்புப் போட்டாள்.

அடுத்த வாரம் விசாரணை வந்தது. அலட்சியமாக நடந்துகொண்டு மூத்த அறிஞர்மீது அசுத்த நீரைக் கொட்டியதாக மாடி அக்காமேல் புகார். புகாரைப் பெரியவர் கொடுக்கவில்லை. துணைவேந்தர் அலுவலகம் கொடுத்தது. விசாரணைக் குழுவில் நான்கு பேர், அதில் துறைத்தலைவரும் ஒருவர். நடுவில் தேநீர் இடைவேளையில் அவர் நடைபாதைக்கு வந்து சின்ன மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அந்தம்மா என்னென்னமோ உளறுது. வாயில சொல்லவே கூசுது. பெரியவர் உக்காந்த இடத்துலயே... சே! நீங்க பாத்தீங்கன்னு வேற சொல்லுது. பாத்தீங்களா?”

அவர் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. வேலை உயர்வுக்கான அவளுடைய விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நொடியில் அவளுக்கு விண்ணப்பம் நினைவுக்கு வரவில்லை. ஜன்னலோரம் கோப்போடு நின்ற பெரியவர்தான் கண்முன் வந்தார். அவரைக் காட்டிக்கொடுப்பது கேவலம் என்று தோன்றியது.

“நான் கவனிக்கல சார்” என்றாள்.

“அதான் நானும் நினைச்சேன்” என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாடி அக்காவை மாணவர் விடுதிக் கழிவறைகளுக்கு மாற்றினார்கள். வேலையைவிட்டே எடுத்திருப்பார்கள், பெரியவரின் கடிதம்தான் காப்பாற்றியது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று துறைக்கும் வந்தது. நான்கே வரி, முத்து முத்தான கையெழுத்து. ‘அந்தப் பெண்மணிமீது எனக்கு வருத்தமில்லை. தவறு செய்வது மனித இயல்பு. தவற்றை மறைக்க அவர் என்னைப் பற்றிச் சொன்னதாக அறிந்தவற்றையும் நான் மறந்துவிட்டேன். அவரை முழு மனதுடன் மன்னிக்கிறேன்.’

சின்ன மேடம் அதை நின்றபடியே படித்தாள். மூன்றாவது வரியில் கண் நின்றது. அவர் ஒரு கலவரத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்று அதுவரை தனக்குத் தானே சமாதானம் சொல்லிவந்தாள். இது வாய்தவறியது இல்லை. உட்கார்ந்து, யோசித்து, ஒரு எழுத்தையும் அடிக்காமல் எழுதியது. காகிதத்திலும் அந்தச் செண்ட் வாசனை இருந்தது. அதைக் கோப்பில் வைத்த பிறகு விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள், மாணவர்கள், பெரியவரின் பழைய சீடர்கள். பெரியவர் மேடை நடுவில், பட்டுத்துணி விரித்த நாற்காலியில், சிலைபோல உட்கார்ந்திருந்தார். சின்ன மேடத்துக்கு ஓரத்து நாற்காலி. துறைத்தலைவர் அறிமுக உரைக்கு எழுந்தார். பெரியவரின் புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மேன்மையைப் பத்தி எழுதறவங்க உண்டு. வாழ்ந்து காட்டறவங்க எத்தனை பேர்? போன வாரம் நடந்ததைச் சொல்றேன். துப்புரவு வேலை பாக்கற ஒரு அம்மா அசிங்கத் தண்ணியை இவர் மேல கொட்டிட்டாங்க. கொட்டினது போதாதுன்னு, இவரைப் பத்தி வாயில சொல்ல முடியாத பொய்யையும் சொன்னாங்க. வேற யாரா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? இவர் நாலு வரி எழுதினார். மன்னிச்சுட்டேன்னு எழுதினார். அந்தம்மா வேலையைக் காப்பாத்தினார்!”

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர் போதும் போதும் என்பதுபோல் கையை உயர்த்தினார்; அதற்கும் ஒரு தட்டல். மேடையிலிருந்த எல்லோரும் தட்டினார்கள். சின்ன மேடம் குனிந்து பார்த்தபோது தன் இரண்டு கைகளும்கூடத் தட்டிக்கொண்டிருந்தன. எப்போது ஆரம்பித்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுக்குத் துணியைத் தொட்டுவிட்டதுபோல, தன் கை தன்மேல் படுவதே அவளுக்குச் சகிக்கவில்லை.

மதிய இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் மாணவர் விடுதிக்குப் போனாள். கீழ்த்தளத்துக் கழிவறைகளைத் தூரத்திலிருந்தே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. வாசலில் ஈரம். கைகழுவும் தொட்டியில் யாரோ வாந்தி எடுத்து, தண்ணீர் ஊற்றாமல் போயிருந்தான். வடிகால் கம்பியில் முடியும் சோப்புத் துண்டுமாகக் கட்டியாக அடைத்திருந்தது. மாடி அக்கா கம்பியால் அதைக் குத்திக்கொண்டிருந்தார். முழங்கைவரை ரப்பர் கையுறை, முகத்தில் துணி.

“அக்கா.”

நிமிர்ந்து பார்த்தார். முகத்துணியை இறக்கவில்லை.

“இங்க எதுக்கு மேடம் வந்தீங்க? சேலை பாழாயிடும்.”

“உங்ககிட்ட பேசணும்னு வந்தேன். அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீங்க அவரைக் காட்டிக்கொடுக்காம நின்னீங்களே... அது எவ்வளவு பெரிய மனசு! நாங்க புத்தகத்துல தேடறதை நீங்க...”

“போதும் மேடம்” என்று மாடி அக்கா கம்பியைச் சுவரில் சாய்த்தார். “என்னைப் பெரிய மனுஷி ஆக்காதீங்க. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. பேண்ட் நனைஞ்சு நிக்கற கிழவனைப் பாத்ததும் வாய் வரல, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. அதுக்குள்ள எல்லாரும் போயிட்டாங்க.”

“விசாரணையில...”

“விசாரணையில உள்ளதைச் சொன்னேன். ஒருத்தர் பேனாவை மூடி வச்சுட்டார். எவ்வளவு பெரிய மனுஷனைப் பத்தி என்ன பேச்சு பேசறேன்னார். சின்ன மேடம் பாத்தாங்க, அவங்களைக் கேளுங்கன்னேன். கேட்டுட்டு வந்து, அவங்க பாக்கவே இல்லையாமேன்னாங்க.” மாடி அக்கா கையுறையின் விரலை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். “என்னை உள்ள அனுப்பும்போதே உங்களுக்குத் தெரியும்தானே, அது என்ன தண்ணின்னு?”

“தெரியும்.”

“அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. மாத்துத்துணி எடுத்துட்டுப் போயிருப்பேன். கதவை உள்பக்கம் தாழ் போட்டிருப்பேன். யாருக்கும் தெரியாம போயிருக்கும். எங்கிட்டகூட பூசி மெழுகினீங்க.”

மாடி அக்கா கம்பியை எடுத்து மறுபடி குனிந்துகொண்டார். திரும்பி நடக்கும்போது சின்ன மேடத்தின் மனதில் ஒரு வாக்கியம் தானாக உருண்டு திரண்டு வந்தது: மேன்மை என்பது பெயர் வேண்டாதவர்களிடம், தன்னை மேன்மை என்று அறியாமலே... ஒரு கட்டுரைக்கு நல்ல தொடக்கமாக இருக்கும் என்று தோன்றிய அந்த நொடியில் அவள் நடையை நிறுத்தினாள். கழிவறை வாசலைத் தாண்டி இருபது அடிகூட வரவில்லை, அதற்குள் அந்த அம்மாவின் கஷ்டத்தை மேற்கோள் ஆக்கியாயிற்று. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. எதன்மேல் துப்புவது என்றுதான் புரியவில்லை.

மறுநாள் காலை, கருத்தரங்கு தொடங்குமுன் பெரியவரின் மூலையறைக்குப் போனாள். அவர் தன் புத்தகத்தின் புதுப் பதிப்புகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாம்மா. உனக்கு முதல் பிரதி வச்சிருக்கேன்” என்று ஒன்றை நீட்டினார். முதல் பக்கத்தில், ‘மேன்மை அறிந்த என் மாணவிக்கு’ என்றிருந்தது. “நீ கவனிக்கலன்னு சொன்னியாமே. துறைத்தலைவர் சொன்னார். எனக்குத் தெரியும், நீ அப்படித்தான் சொல்லுவேன்னு. சில விஷயங்களைப் பாக்காம இருக்கறதுக்கு ஒரு தகுதி வேணும்.”

அவர் கை மேசைக்கு மேலாக வந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தது. வழவழவென்ற, குளிர்ந்த கை. ஏதோ ஒன்று ஊர்ந்துபோவதுபோல அவளுக்கு முழங்கைவரை சிலிர்த்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

“சார், அந்தக்கா விடுதிக் கக்கூஸ்ல இருக்காங்க. நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். வாளி கவிழலன்னு. வேற எதுவும் எழுத வேணாம்.”

“எதுக்கு?”

“அவங்க பொய் சொல்லல சார்.”

பெரியவர் பேனாவை மூடினார். “பொய், உண்மைன்னு சின்னக் கணக்குப் பாக்கற. அவங்க ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. உடம்பால உழைக்கறவங்களுக்கு மறதி ஒரு வரம். எனக்கு அப்படி இல்ல. என்னைப் பாத்துச் சிரிச்சா, சிரிப்பு என்னோட நிக்காது. நான் எழுதினதைப் பாத்துச் சிரிப்பாங்க. அந்தக் கருத்தைப் பாத்துச் சிரிப்பாங்க. நான் காப்பாத்தினது என்னை இல்லம்மா.”

அவர் இதை நம்பித்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. பயந்துபோன கிழவனாக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால்கூட அவள் அங்கேயே கரைந்திருப்பாள்.

“எங்க மாமனாருக்கும் இப்படித்தான் சார்” என்றாள். “பெரியவங்களுக்குன்னே டயப்பர் விக்குது. உள்ள கட்டிக்கிட்டா வெளிய தெரியாது. எந்தக் கடையில நல்லதா கிடைக்கும்னு எழுதித் தர்றேன்.”

கேலியாகச் சொல்லவில்லை. அவரை ஒரு சாதாரண மனிதராக நினைத்து அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான். பெரியவரின் முகம் வெளுத்தது. உதடு கோணியது.

“வெளியே போ” என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. “உனக்கு இவ்வளவுதான் ஏறியிருக்கு. நீயும் வாளி தூக்கற புத்திக்காரிதான்.”

புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அன்று பிற்பகல் அமர்வுக்கு அவள் தலைமை தாங்குவதாக இருந்தது. தாங்கவில்லை. தன் அறையில் உட்கார்ந்து பதிவாளருக்குக் கடிதம் எழுதினாள். புதன்கிழமை அறையில் பார்த்தது, மாடி அக்காவைத் தான் அனுப்பியது, வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, கேட்டபோது கவனிக்கவில்லை என்று தான் சொன்னது பொய், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். மேன்மை, மானம், பெருந்தன்மை என்ற வார்த்தைகள் எதுவும் அதில் வராமல் பார்த்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டு, மறுநாள் அலுவலகம் திறந்ததும் தானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு மூன்று மாதம் அவளைப் பிழிந்து எடுத்தார்கள். துறைத்தலைவர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். வேலை உயர்வு விண்ணப்பம் திரும்பி வந்தது. கருத்தரங்குக் கட்டுரைகளை அவள் தொகுப்பதாக இருந்த நூல் வேறொருவர் கைக்குப் போனது. பழைய சீடர் ஒருவர் தொலைபேசியில், “வயசான மனுஷனோட மூத்திரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களே, வெக்கமா இல்லையா?” என்று கேட்டார். “இருக்கு” என்றாள். “ஆனா நீங்க நினைக்கறதுக்கு இல்ல.”

இரண்டாவது விசாரணை நடந்தது. அந்த மெத்தையைக் கிடங்கிலிருந்து தேடி எடுத்துவரச் சொன்னார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் வரவில்லை, உடல்நலமில்லை என்று மருத்துவர் சான்றிதழ் வந்தது. கடைசியில், ‘புகாருக்குப் போதிய ஆதாரமில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். யார் பொய் சொன்னார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மன்னித்ததாகப் பெரியவர் எழுதிய கடிதம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பெரியவர் அதன்பிறகு மூலையறைக்கு வரவேயில்லை. வீட்டில் படுத்தபடுக்கையாகிவிட்டார், மகள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. அவருடைய புத்தகம் மட்டும் பாடத்திட்டத்தில் அப்படியே இருந்தது.

அதை நடத்த வேண்டியவள் சின்ன மேடம்தான். நடத்தினாள். ஒருவர் கடமையில் வைத்தார், ஒருவர் உறுதியில் வைத்தார், ஒருவர் மறதியில் வைத்தார் என்று சொல்லிக்கொண்டுபோனாள். “நீங்க எதுல வைப்பீங்க மேடம்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“நான் வைக்கமாட்டேன்” என்றாள். “அந்த வார்த்தையை ஒருத்தர் எப்ப எடுக்கறார், பக்கத்துல யார் கையில துணி இருக்குன்னு முதல்ல பாப்பேன்.”

வகுப்பு சிரித்தது. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது; உடனே வாயில் கசந்தது.

மாடி அக்காவை இரண்டாம் மாடிக்கே திரும்ப வரச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லி, நூலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சின்ன மேடத்துக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் காலை நூலகத்தில் ஓரத்து மேசையில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது துடைப்பான் சத்தம் நெருங்கி வந்தது. நிமிர்ந்தாள். என்ன சொல்வது என்று மூன்று மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். கடிதம் கொடுத்ததைச் சொல்ல வேண்டும், பட்டதைச் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை கேட்டு வாங்க வேண்டும்.

“அக்கா, நான்...”

“தெரியும் மேடம். கொடுத்தீங்கன்னு சொன்னாங்க” என்றார் மாடி அக்கா. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சின்ன மேடம் இன்னும் எதற்கோ காத்திருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அந்த வாயால் கேட்க, தான் எவ்வளவு ஏங்கி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“கொஞ்சம் காலை எடுங்க மேடம், தொடைக்கணும்.”

அவள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். மாடி அக்கா நாற்காலிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார்.